தெய்வத்தின் பகடையை யார் உருட்டுவது?

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுவோம். கடிதத்தில் கத்த முடியாது, அதனால்தான் இது.

ஒரு நல்ல செய்தி. ஆளுக்கொரு பாத்திரமாக மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுகிற நம் சனிக்கிழமை ஆட்டத்தைப் புத்தகமாகப் போட ஒரு சிறிய பதிப்பகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. வரைபடம், பாத்திரத் தாள்கள், பகடை விதிகள் எல்லாம் சேர்த்து. பதிப்பகம் நடத்தும் அம்மா முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார். "திருடி, போர்வீரன், வைத்தியன் எல்லாம் சரி. ஆனா ஒருத்தர் தெய்வமா ஆட வந்துட்டா மத்தவங்க எதுக்கு உக்காந்திருக்கணும்? அதுக்கு ஒரு வழி பண்ணுங்க, அச்சுக்கு அனுப்பிடலாம்."

ஒரு மாதமாக மண்டை காய்கிறது. ஓர் ஆட்டத்துக்கு மூன்று அற்புதம்தான் என்று வைத்துப் பார்த்தேன். கஞ்சன் காசை முடிந்து வைத்துக்கொள்வதுபோல் கடைசிவரை முடிந்து வைத்துக்கொண்டார்கள். எதிராக இன்னொரு தெய்வத்தை இறக்கினேன். அவர்கள் இருவரும் மோத, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பலத்தைப் பாதியாகக் குறைத்தேன். அப்புறம் அது தெய்வமில்லை, கொஞ்சம் முரட்டு ஆள், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் மழைத்தெய்வமாக ஆடியவள் நீ ஒருத்திதான். உள்ளேயிருந்து பார்த்தவள். கோபம் இன்னும் இருந்தால் விதியைப் பற்றி மட்டும் எழுது.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இருக்கிறது. விதியைப் பற்றியும் எழுதுகிறேன்.

நான் கடைசியாக ஆட வந்த அன்று மேஜையில் எல்லார் முன்னாலும் "நீ இருந்தா இங்க வேற யாருக்கும் வேலை இல்லக்கா" என்றாய். நீ மழைத்தெய்வத்தைச் சொல்லவில்லை என்பது நம்மோடு ஆடுகிற பல் டாக்டருக்குக்கூடப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார். முந்தின நாள்தான் நான் உன் பார்சல் அலுவலக மேலாளருக்கு ஃபோன் போட்டு, "அவன் ராஜினாமாவை வாங்காதீங்க, ஏதோ வேகத்துல எழுதிட்டான்" என்று சொல்லியிருந்தேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். அதற்கு அப்படி ஒரு பட்டம்.

போகட்டும். தெய்வமாக ஆடுவது எவ்வளவு சலிப்பு தெரியுமா? நூலகத்துச் சுருட்டையின் திருடி மதில் ஏறும்போது பகடை உருண்டு நிற்கும்வரை நீங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். என் முறை வரும். "மழை பெய்யட்டும்" என்பேன். பகடையில் எது விழுந்தாலும் பெய்யும். கூட ஆடுகிற பஸ் டிரைவர் எழுந்து டீ போடப் போய்விடுவார். ஒரு தடவையாவது அவர் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

தெய்வம் தானாக எதுவும் செய்யக் கூடாது என்று வை. யாராவது கூப்பிட்டால்தான் வரலாம். செய்து பார்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மேலாளர் விஷயம் அப்புறம். விதிக்கு வருகிறேன்.

நீ சொன்னபடியே வைத்து ஆடினோம். ஒருவரும் கூப்பிடவில்லை! டாக்டரின் போர்வீரன் சேற்றில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, கழுத்து. "கூப்பிடுங்க டாக்டர், செத்துடுவீங்க" என்று டிரைவர் கெஞ்சினார். "கூப்பிட்டா அப்புறம் அது என் ஆட்டமே இல்லப்பா" என்றவர், வீம்பாகவே மூழ்கிப்போனார். அன்று தெய்வமாக உட்கார்ந்த சுருட்டை, நூலகத்திலிருந்து கொண்டுவந்த குறுக்கெழுத்துப் போட்டி முழுவதையும் முடித்துவிட்டாள்.

ஆனால் டாக்டர் சொன்னது எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் எல்லாம் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம். சரி, போகாமல் இருந்தால்? அடுத்த சனிக்கிழமை ஒன்றே ஒன்றை மாற்றினேன். தெய்வம் தன் பகடையைத் தொடக் கூடாது. கூப்பிட்டவர்தான் அதை உருட்ட வேண்டும். அவர் உருட்டியதில் தோற்றால் தெய்வமும் சேர்ந்து தோற்கும்.

அக்கா, அன்று ஐந்து தடவை கூப்பிட்டார்கள்! தினமும் பல் பிடுங்குகிற டாக்டர் பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். விழுந்தது ஒன்று. வெள்ளம் தப்பான கரையில் ஏறி, போர்வீரனும் தெய்வமும் ஒரே மரத்தில் தொற்றிக்கொண்டு விடியும்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் டீயை நான்தான் போட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். சுருட்டை கேட்டாள்: "மரத்துல மாட்டுன தெய்வம் மனுஷனக் கூப்பிடலாமா?" உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

இன்னொன்று. பேனாவைத் திட்டிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு என்ன ஆயிற்று?

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

பதினோரு வருஷமாக எண்பது மீட்டர் கிரேனில் ஏறி இறங்குகிறவள், வீட்டில் மூன்று படி ஏணியில் நின்று பல்பு மாட்டும்போது விழுந்துவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த மறுநாள். வலது மணிக்கட்டு, இடது கணுக்கால், இரண்டிலும் மாவுக்கட்டு. கையிலும் கட்டு இருப்பதால் ஊன்றுகோல் பிடிக்க முடியாது. சக்கரம் வைத்த நாற்காலியில் சமையலறைக்கும் கட்டிலுக்குமாக உருண்டுகொண்டிருக்கிறேன். இடது கையால் எழுதுவதால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

எதிர்வீட்டு அம்மா காலையில் ரொட்டி வாங்கித் தருகிறார். "வேற ஏதாவது வேணுமா?" என்பார். "ஒண்ணும் வேணாம், நல்லா இருக்கேன்" என்று கதவைச் சாத்துவேன். பிறகு மாத்திரைப் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பேன். நேற்று அது வழுக்கி விழுந்து மாத்திரையெல்லாம் கட்டிலுக்கடியில் சிதறிவிட்டது. குனிந்து எடுக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சேற்றில் மூழ்கிய டாக்டரை நினைத்துச் சிரிப்பு வரவில்லை.

மேலாளருக்கு ஃபோன் செய்தது உன் நல்லதுக்கு என்று எழுதியிருந்தேன். இல்லை. வேலையில்லாமல் நீ நிற்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்காகச் செய்தேன். உன் கையிலிருந்ததைப் பிடுங்கி நான் உருட்டினேன். தப்புதான்.

சுருட்டையிடம் சொல்: கூப்பிடலாம். புத்தகத்திலும் போடு.

முடிந்தால் வாடா. எனக்குத் தனியாக முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உன் வீட்டில் இருப்பேன். மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது. மாத்திரையைத் தேடாதே, அந்தப் பக்கம் நாற்காலியையே கொண்டுபோகாதே.

வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வந்து சொன்னால் மறைத்ததுபோல் ஆகிவிடும். ஜூன் முதல் அலுவலகத்தில் அரைநாள் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதி அரைநாள் புத்தகத்துக்கு. நீ திட்டுவதானால் திட்டலாம். சமைத்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன்.

எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. தனியாகச் சொல்லியிருக்க வேண்டியது அது.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். முதல் நாள் கிரேன் ஏணியில் நாலு இடத்தில் நின்று நின்று ஏறினேன். கீழே சிக்னல் காட்டுகிறவன் வயர்லெஸ்ஸில், "அக்கா, மேல போய்ச் சேந்தீங்களா, இல்ல சாப்பாடு அனுப்பவா?" என்றான். பாட்டில் மூடியெல்லாம் இப்போது வலது கையாலேயே திறக்கிறேன்.

உன் மூன்று வார லீவில் இங்கே என் வீட்டில் ஆரம்பித்த ஆட்டம், நீ ஊருக்குப் போனதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மா விடவில்லை. "அந்த ஆறு பாதியில நிக்குதே, அதைத் தாண்ட வேணாமா?" என்று சனிக்கிழமை அவரே வந்து மேஜையைத் துடைத்துவிட்டார். எனக்குக் கால் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண்தான் இப்போது தெய்வம். அடுத்தவர் காலை மடக்கி நீட்டிப் பழகியவள், தன் பகடையைத் தொடாமல் இருக்க முடியாமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

நான் படகோட்டி. பலம் நாலு, அதிர்ஷ்டம் இரண்டு. போன வாரம் வெள்ளத்தில் துடுப்பு போனது, தெய்வத்தைக் கூப்பிட்டேன், நானே உருட்டினேன், இரண்டு விழுந்தது. படகோடு நானும் போனேன். எதிர்வீட்டு அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, செத்துட்டீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். ஆறு வருஷத்தில் எனக்காக ஒருவரும் அப்படி எழுந்து நின்றதில்லை, தெரியுமா?

புதிய பாத்திரத் தாள் நாலைந்து அனுப்பு. இந்தத் தடவை அதிர்ஷ்டம் குறைந்தது மூன்று வேண்டும்.

அரைநாள் வேலை எப்படிப் போகிறது? மேலாளரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்கிறேன்.

அக்கா