மேடைக்கு ஒரு பிள்ளை

காஜா பெராங், மலாக்கா
3-6-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணியும் குழந்தை மல்லிகாவும் சுகம்தானே? கட்சிக் கூட்டம் என்றால் ஈப்போ வரை ஓடுகிறீர்கள். மலாக்காவுக்கு மட்டும் உங்களுக்கு பஸ் கிடைப்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே இளம்பிள்ளை வாதம் பரவுகிறது. பக்கத்தில் கிளேபாங்கில் ஒரு குழந்தை போய்விட்டது. அதற்கான தடுப்பூசி எங்கள் தெருமுனை கிளினிக்கில் வந்திருக்கிறது. தம்பிராஜாவுக்குப் போட்டுவிடலாம் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. நீங்களோ தனியார் கிளினிக்கில் யாரும் போடக்கூடாது என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன செய்யட்டும்?

அன்புத் தங்கை,
கமலவேணி

கோலாலம்பூர்
9-6-1958

அன்புத் தங்கைக்கு,

ஆஸ்பத்திரியில் எல்லாப் பிள்ளைக்கும் போடவேண்டிய ஊசி அது. அதை அரசாங்கத்தார் தூக்கிக் கிளினிக்குகளிடம் கொடுத்து, இருப்பவன் பிள்ளைக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி. நாம் யாரும் போகாமல் இருந்தால்தான் வழிக்கு வருவார்கள். என் தங்கையே கிளினிக் வாசலில் நின்றால் நான் எந்த முகத்தோடு மேடையேறுவது? கொஞ்சம் பொறு, கமலா. மாப்பிள்ளையிடமும் எடுத்துச் சொல். மருமகனுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்,
தேவதாஸ்

காஜா பெராங்
22-7-1958

அண்ணா,

தம்பிராஜாவுக்குக் காய்ச்சல் கண்டது. விட்டுவிட்டது என்று காலையில் எழுப்பி நிறுத்தினேன். இடது கால் துவண்டு சரிந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உயிருக்குப் பயமில்லையாம். கால் இனித் திரும்பாதாம். "அம்மா, காலு தூங்குது, எழுப்பி விடு" என்கிறான்.

உங்கள் மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. பொறுப்போம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தானே. ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் அண்ணா. உட்கார்ந்து அழ எனக்கு ஆள் வேண்டும்.

கமலவேணி

கோலாலம்பூர்
30-7-1958

கமலா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்சி வேலை, உடனே புறப்பட முடியவில்லை. அண்ணியை அனுப்புகிறேன்.

மருந்தைக் கடைச்சரக்கு ஆக்கியவர்களை நான் சும்மா விடப்போவதில்லை. அடுத்த மாதம் காஜா பெராங்கிலேயே கூட்டம். தம்பிராஜாவை நானே தூக்கிக்கொண்டு மேடையேறுகிறேன். தாய்மாமன் எனக்கு இல்லாத உரிமையா? 'கிளினிக் கேட்டதைக் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை இது' என்று ஒரு வார்த்தை சொன்னால் நூறு பேச்சுக்குச் சமம். நீ சரி என்று எழுது.

தேவதாஸ்

காஜா பெராங்
12-8-1958

தேவதாஸ் அண்ணனுக்கு,

அண்ணி வந்திருந்தார்கள். பிள்ளையின் காலைத் தடவித் தடவி அழுதார்கள். அழுகையோடு அழுகையாக, "மே மாசம் நம்ம மல்லிகாவ ஒங்கண்ணன் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனப்பவே இவனுக்கும் போட்டிருக்கலாமே கமலா" என்றார்கள். சொன்னபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். எனக்கு உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான் உங்களைக் கேட்டது ஜூனில்.

எங்களுக்கு வழியில்லாமல் போகவில்லை. உங்கள் சொல்தான் குறுக்கே நின்றது. அரசாங்கத்தைப் பற்றி நீங்கள் பேசுவதில் தப்பில்லை, எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்திருக்க வேண்டும்தான். ஆனால் என்னைப் பொறுக்கச் சொன்னது அரசாங்கம் இல்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். தம்பிராஜாவை நீங்கள் தொட வேண்டாம், நானே தூக்கி வருகிறேன். மல்லிகாவையும் கூட்டி வாருங்கள். இரண்டு பிள்ளைகளையும் மேடையில் இறக்கி விடுவோம். நிற்கிற பிள்ளை யாருடையது என்று ஊருக்கு நான் சொல்கிறேன்.

தம்பிராஜாவின் தாய்,
கமலவேணி