ஊர் கேட்காத தாவல்

அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழைய கம்பியூட்டர் தாளை மாற்றலாம் என்று இன்று உருவினேன். அதில் அச்சான என் நிரலின் ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்து: "இங்கே பேஸ் வேண்டாம்." தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

கண்டியில் ஒரே மெயின்பிரேம் கம்பியூட்டருக்கு நாம் இருவரும் அசெம்பிளி மொழியில் நிரல் எழுதினோம், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில். நிரலுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ வேண்டுமென்றால், தொடக்க முகவரியை இயந்திரத்துக்குள் ரெஜிஸ்டர் என்ற சின்ன நினைவிடத்தில் வைத்து அங்கிருந்து தூரம் எண்ணுவது என் பழக்கம். அதுதான் பேஸ். நடுவில் அதை யாராவது மாற்றிவிட்டால் நிரல் எங்கோ போய் விழும். பலமுறை மாற்றிய அந்த யாரோ நான்தான். புது இயந்திரம் வந்ததும் நீங்கள் ரிலேட்டிவ் தாவலுக்கு மாறிவிட்டீர்கள். நிற்கும் இடத்திலிருந்து இத்தனை தூரம் முன்னே, அல்லது பின்னே. தொடக்கம் எதுவென்ற கேள்வியே இல்லை.

"ஏன் இதையே புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றேன்.

"இது ஒண்டுதான் ஐசே என்னட்டை ஊர் கேக்காத சாமான்."

சிரித்தேன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு போர்க்காலத்தில் கண்டியில் அறை தேடியவர் நீங்கள். நான் கண்டிக்குப் பக்கத்திலேயே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்காரன், எனக்கு அது பகிடியாகத்தான் கேட்டது.

பிறகு ஒருநாள் சோதனைச் சாவடியில் நம்மை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். உங்களைக் காட்டி, "இவன் எந்த ஊர்?" என்று என்னைத் தனியே கேட்டார்கள். காப்பாற்றுகிற நினைப்பில், "எங்கள் ஹந்தானைதான், பக்கத்து லயத்து வீடு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் அட்டை அவர்கள் கையில் இருந்தது மண்டையில் ஏறவில்லை. பொய் சொல்லி மறைக்கும் அளவுக்கு நீங்கள் யார் என்று அவர்களுக்குச் சந்தேகம். என்னை விட்டார்கள். உங்களைப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள்.

வீங்கிய முகத்தோடு வெளியே வந்தீர்கள். "என்ர பேஸை மாத்திப் போட்டீர் ஐசே" என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தீர்கள். அடுத்த வருடம் கனடா போய்விட்டீர்கள். யாருடைய ஊரையாவது என்னிடம் கேட்டால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

போன மாதம் உங்கள் தங்கை அங்கிருந்து அழைத்தா. நீங்கள் இல்லை என்று சொல்லி அழுது முடித்தபின், "மரண அறிவித்தல்ல அவர் இருந்த ஊரெண்டு கண்டியையும் போடவோ அண்ணா?" என்றா.

"போடுங்கம்மா," என்றேன். "ஆனா மொதல்ல யாழ்ப்பாணம்னு போடுங்க. அவரு ஊரு அதுதான்."