ஒற்றைப் பெயர் வாக்குச்சீட்டு

செவ்வாய், 14
விடியவே மழை. குடைக்கம்பி முறிஞ்சு போச்சு, புதுசு வாங்கோணும். கொக்குவிலிலை ஏ.எல். உயர்தர வகுப்பு. பாடம்: ஒரு கட்சி மட்டும் ஆளுற நாட்டிலை உப ஜனாதிபதி தெரிவு. கட்சி மேலிடம் ஆளை முடிவெடுக்கும். பாராளுமன்றத்துக்கு அந்த ஒரு பெயர்தான் வரும். ரகசிய வாக்கு. சம்மதம், இல்லை, ரெண்டு கட்டம்.
கடைசி வாங்கிலை இருந்த வித்தியா: "ஒரு பெயர்தானெண்டால் ஏன் ரீச்சர் வாக்கு?"
கரும்பலகையை அழிச்சன். மருமகன்ரை நினைப்பு. மகள் சுபா உப்பிடியொரு நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போய், அங்கத்தை டொக்டரையே கட்டினவள். அவர் அங்கை பாராளுமன்ற உறுப்பினரும்.

புதன், 15
சுபாவின்ரை போன்.
"அம்மா, நாளைக்கு உப ஜனாதிபதி வாக்கு. அவர் 'இல்லை' எண்டு போடப்போறாராம்."
உப ஜனாதிபதியா வாற ஆள் முந்தி மருமகன்ரை மாகாண ஆளுநர். குடிதண்ணியிலை நஞ்சு கலந்து பிள்ளையள் செத்ததை மறைச்சவர். அந்தப் பிள்ளையளுக்கு வைத்தியம் பாத்தது மருமகன்.
கெஞ்சினன். "சம்மதமெண்டு போடச் சொல்லு பிள்ளை. உனக்கு ரெண்டு சின்னனுகள்."
இவர் பேப்பரை எறிஞ்சிட்டு வந்தார். "உமக்கு விசரே? உதெல்லாம் போனிலையோ கதைக்கிறது?"
போனை ஆரும் ஒட்டுக் கேட்டிருப்பினமெண்டு அப்பதான் விளங்கிச்சுது. சாப்பிடேல்லை.

வியாழன், 16
லீவு போட்டன். மத்தியானச் செய்தி: கிட்டத்தட்ட எல்லாரும் சம்மதம். எதிர் வாக்கு ஒண்டு.
ஒண்டே ஒண்டு.
சுபாவுக்கு ஏழு தரம் அடிச்சன். எடுக்கேல்லை. இவர் முற்றத்திலை மேலும் கீழுமா. இவரின்ரை தம்பியை விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போன அண்டைக்கும் இப்பிடித்தான் நடந்தவர்.

வெள்ளி, 17
போன் இல்லை. பருப்பு, தேயிலை, சவுக்காரம் முடிஞ்சுது. ஜெபிக்க இருந்தன், ஒரு வசனமும் ஓடேல்லை. நான் போனிலை கதைச்சதாலைதானோ?

சனி, 18
சுபா எடுத்தாள்! அவர் வீட்டிலைதான்.
"அது அவரில்லை அம்மா. நீங்கள் சொன்னதைக் கேட்டுச் சம்மதமெண்டுதான் போட்டவர்."
தோத்திரம், தோத்திரம் எண்டு கத்திப்போட்டன்.
"சந்தோஷப்படாதேங்கோ அம்மா. ரெண்டு நாளாச் சாப்பிடுறாரில்லை. பிள்ளையளின்ரை முகத்தையே பாக்கிறாரில்லை."
அப்ப 'இல்லை' எண்டு போட்டது ஆராம் எண்டு கேட்டன். மலைப்பக்கத்து ஊர் உறுப்பினராம், முந்தி ரீச்சராம். என்ரை வயசு. அடுத்த நாளே ஆளைக் கண்டுபிடிச்சிட்டினமாம்.
"அவவுக்கு என்ன நடந்தது பிள்ளை?"
உடனை கதையை மாத்தினாள்.
"சின்னனுகள் நல்லாப் படிக்குதுகள் அம்மா," எண்டாள். வைச்சிட்டாள்.