பின்சீட்டில் அவர்

1983 மே 11

இரண்டு ரவிக்கை தைத்து முடித்தேன். வெயிலில் கையெல்லாம் பிசுபிசுப்பு.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து போனார். என் வீட்டுக்காரருடைய லீவு முடியப் போகிறதாம். ஏலாக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய் மாட்டுக்கு ஊசி போடுவது, கன்று ஈனச் சிக்கல் என்றால் ஓடுவது, இதுதான் இவர் வேலை. ஊர் ஊராகப் போக முடியாதென்றால் வேறு ஜில்லாவில் ஆபீசுக்குள் உட்கார வைத்துவிடுவார்களாம்.

"மாத்தட்டும்" என்றார். மாட்டைத் தொடாமல் இந்த மனுஷனால் இருக்க முடியுமா?

மே 14

கொல்லையில் புல்லட் சாக்குப் போர்த்தி நிற்கிறது. அந்தப் பக்கமே அவர் போவதில்லை.

அறுப்பு சமயத்தில் திருமானூர் ரோட்டு வளைவில் வைக்கோலைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். வளைவுக்குள் போன பிறகுதான் பார்த்திருக்கிறார். பிரேக்கை மிதித்ததும் வண்டி வழுக்கி, வலது முழங்காலின் மேலேயே சாய்ந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது. முழங்கால் பாதிதான் மடங்குகிறது. கிக்கரும் கியரும் அந்தக் காலுக்குத்தான்.

"முழுசா மடங்கினாலும் இனிமே ஏற மாட்டேன் புஷ்பம்."

மே 15

நான் ஓட்டினால் என்ன?

மே 16

கேட்டேவிட்டேன். சிரித்தார். விழுந்ததிலிருந்து இன்றுதான் சிரிக்கிறார், அதுவே போதும் என்றிருந்தது.

அத்தை சிரிக்கவில்லை. "பொம்பள புல்லட்டு ஓட்டி எந்த ஊருல பாத்த?"

"சைக்கிள் மிதிச்சுப் போய்தான அத்தை பத்தாவது படிச்சேன்."

"அது சைக்கிளு. இது யானை."

யானையையும் ஆள்தானே நடத்துகிறான்.

ஜூன் 2

ஏரி வறண்டு கிடக்கிறது. தண்ணீர் வருவதற்குள் அதில் புல்லட் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். புடவைக்குள் போட்டுக்கொள்ள அவருடைய பழைய வேட்டியில் பைஜாமா தைத்துக்கொண்டேன். அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துகிறார்.

வேகமாகப் போவதுதான் பயம் என்று நினைத்திருந்தேன். தப்பு. மெதுவாகத் திருப்புவதுதான் பெரும்பாடு. வண்டி எருமை படுக்கிற மாதிரி ஒரு பக்கமாக இறங்குகிறது, அப்புறம் தூக்கிப் பிடிக்க முடியாது. கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜினை அணைய விடாமல் வைத்துக்கொண்டு திரும்பணும். நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டயர்ல என்ன எழுதியிருக்கு? எங்க போவணுமோ அங்க பாரு!"

பார்த்தேன். போனது! முழங்கை சிராய்ப்புக்கு அத்தைதான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

ஜூன் 19

இன்றைக்குப் பஸ்ஸில் மோதப் பார்த்தேன்.

எல் போர்டு கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். நாற்பதில் வரும்போது இடது பக்கம் ஒரு வளைவு. ஏரியில் செய்கிற மாதிரி ஹாண்டில்பாரை இடது பக்கம் திருப்பப் பார்த்தேன். வண்டி கேட்கவே இல்லை. நேராக வலது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. எதிரே பஸ். எப்படியோ இடது கைப்பிடியை முன்னால் தள்ளிவிட்டேன் போல, வண்டி டக்கென்று இடது பக்கம் சாய்ந்து வளைவுக்குள் வந்துவிட்டது. பஸ் டிரைவர் திட்டியது முழுசாகக் காதில் விழுந்தது.

வந்து அவரிடம் சொன்னேன். "தள்ளறதாவது? உடம்பச் சாய்ச்சா திரும்பும், அவ்வளவுதான்."

"இல்லீங்க. மெதுவா போனா திரும்பற பக்கம் திருப்பணும். வேகமா போனா அந்தப் பக்கத்துக் கைப்பிடிய லேசா முன்னால தள்ளணும். நான் திரும்பத் திரும்ப செஞ்சு பாத்துட்டுத்தான் வரேன்."

வாதம் சோறு ஆறுகிற வரைக்கும் போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். இடது கை மெல்ல முன்னால் போனது.

"அட... ஆமா புள்ள. கை தானா செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு."

ஜூலை 6

லைசென்ஸ் டெஸ்ட். எட்டு போடும்போது கால் ஊன்றிவிட்டேன். "மொபெட்ல வாங்கம்மா, பாஸ் போட்டுத் தரேன்" என்றார் இன்ஸ்பெக்டர். மாட்டேன்.

ஜூலை 27

பாஸ்!

ஜூலை 28

மெக்கானிக் பூமாலை வீட்டுக்காரருடைய மடங்காத காலுக்குத் தோதாகப் பின்னால் ஃபுட்ரெஸ்ட்டைத் தாழ்த்தி வெல்டு வைத்துக் கொடுத்தார். இவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் ஆள் உட்கார்ந்தால் முன்பக்கம் லேசாகிவிடுகிறது. வளைவில் வண்டி வெளியே வெளியே போகிறது. அதற்கேற்ற மாதிரி வேகத்தைக் குறைத்துத்தான் போனேன். நான் சாய்க்கிறேன், இவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து என் தோளைப் பிடித்து இழுக்கிறார்! வாய்க்கால் ஓரத்தில்தான் போய் நின்றது வண்டி.

"ஓட்டறது நீங்களா நானா? அசையாம ஒக்கார மாட்டீங்களா?" — நடுரோட்டில் கத்திவிட்டேன்.

அவர் வந்த வளைவையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வைக்கோல் தெரியுது புஷ்பம். இல்லாத எடத்துலயும் தெரியுது."

இது தெரியாமல் நான் ஏன் கத்தினேன்? அப்புறம் சொன்னேன்: "ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடியே கொறச்சிடறேன். எவ்வளவு வேகம்னு சத்தமா சொல்றேன். நீங்க 'ம்' சொன்னாத்தான் திருப்புவேன்."

அப்படியேதான் வீடு வந்து சேர்ந்தோம். "முப்பது!" "ம்." "இருபது!" "ம்."

ஆகஸ்ட் 8

வேலையில் சேர்ந்துவிட்டார். வளைவுக்கு வளைவு நான் நம்பரைக் கத்திக்கொண்டு போவதைப் பார்த்து நாற்று நடுகிற பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 20

கோயிலில் யாரோ அத்தையிடம் என்னைப் பற்றி ஜாடையாகப் பேசினார்களாம். "எம்புள்ள சம்பளத்த நீயா வந்து குடுப்ப?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, பூமாலை சொல்லித்தான் தெரியும்.

நவம்பர் 9

பக்கத்து ஊர் ராசாங்கம் வீட்டுப் பசு காலையிலிருந்து ஈன முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தது. அடைமழை. ரோடெல்லாம் சேறு.

மழையில் சாய்க்கவே கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, வண்டியை நிமிர்த்தியே வைத்து, பிரேக்கைத் தொடாமல் போனேன். பின்னாலிருந்து அவர் குரல்: "அடுத்த வளைவுல கரும்புத் தோகை கெடக்கும், உள்ள வெட்டாத, வெளிப்பக்கமாவே வா." "இப்ப விடு, நேர் ரோடுதான்."

பாதி வழிக்கு மேல்தான் உறைத்தது. ஒரு வளைவில்கூட நான் வேகத்தைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கன்றின் முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. அவர் ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தோள் வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி நிமிர்த்தினார். கால் மடங்காமல் வலி — ஆனால் அந்த முகம்! எத்தனை மாசமாச்சு அந்த முகத்தைப் பார்த்து. கிடாரிக் கன்று. மூக்கைத் துடைத்ததும் தும்மியது.

ராசாங்கத்தின் மனைவி காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எனக்கும் கத்துத் தருவீங்களா? மொபெட் போதும்."

டிசம்பர் 17

கீழப்பழுவூர்ப் பக்கம் மாட்டுக்குத் தடுப்பூசி முகாம். விடியற்காலையிலிருந்து நின்றே வேலை பார்த்திருக்கிறார். மதியத்துக்கு மேல் திரும்பினோம். நல்ல காற்று. பெரிய வளைவு, முப்பத்தைந்தில் அழகாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது வண்டி. பாதியில் முதுகில் ஏதோ பாரம். பிடிக்கிறாரோ என்று நினைத்தேன். கை பிடிக்கவில்லை. தலை.

தூங்கிவிட்டார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாய்வைக் கூட்டாமல் குறைக்காமல் வளைவை முடித்து, ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். எழுப்ப மனசில்லை. அந்த வழியாக வந்த லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்னம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.