பாடாத கச்சேரிக்கு முதல் வகுப்பு

இன்று மாலை மின்சாரம் போயிருந்த நேரத்தில் உங்கள் அலமாரியைத் துடைத்தேன். பின்னாலிருந்த ஸ்விட்சில் கை பட்டிருக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் உங்கள் சுருதிப் பெட்டி தானாக இரைய ஆரம்பித்தது. அப்போது நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “கதவைச் சாத்திட்டுப் பாடுங்க” என்று பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டேன்.

பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஈரக் கையோடு போய் நின்றேன். ஒரு கட்டைச் சுருதி. அதை மட்டும் சரியாக வைக்க உங்களுக்குத் தெரியும்.

அணுமின் நிலையத்தில் வேலை முடிந்து, அணுபுரம் குடியிருப்பைக் காலி செய்து, கேளம்பாக்கத்தில் இந்த மாடி வீட்டுக்கு வந்த ஆண்டில்தான் உங்களுக்கு அந்த யோசனை பிறந்தது. ஓய்வுபெற்ற மற்ற ஆண்கள் மனை வாங்குவார்கள், கோயில் கோயிலாகப் போவார்கள், குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீருக்காகச் சண்டை போடுவார்கள். நீங்கள் பி.ஏ. இசை படிக்கப் போகிறேன் என்றீர்கள். நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை இருந்தது. கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் விரல் முட்டியில் அடிக்கோலால் தட்டித் தட்டிப் பியானோ கற்றுக்கொடுத்த காது என்னுடையது. ஒரு ஸ்வரம் கொஞ்சம் இறங்கினாலும் எனக்குப் பல் கூசும். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் முனகியதையெல்லாம் திருத்திக்கொண்டு வந்தவள் நான்.

“சிரிக்காதே. பட்டம் வாங்கிக்கினு வந்து உன் எதிர்ல உக்காந்து பாடறேன். அப்போ திருத்து, பார்க்கலாம்” என்றீர்கள். கோபம் வந்தால்தான் சொந்த ஊரான அச்சரப்பாக்கத்தின் பேச்சு உங்களிடம் தலைகாட்டும்.

ஆக, அந்தப் பட்டம் என் வாயை மூடுவதற்காக. நீங்கள் அதை மறைக்கவும் இல்லை. கல்லூரியில் சேர்ந்த வாரமே, சான்றிதழை மாட்டக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டீர்கள். பூச்சு உதிர்ந்தது. அதையும் நான்தான் பெருக்கினேன்.

பாட்டில் பட்டம் வாங்கப் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கல்லூரி என் அறியாமையைப் போக்கியது. மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரைச் சாலையில், சிற்பக் கடைகளுக்கும் மீன் வறுவல் கடைகளுக்கும் நடுவே இருந்தது அது. முதல் பகுதி தமிழ். இரண்டாம் பகுதி ஆங்கிலம். அப்புறம் துணைப்பாடம், மதிப்புக் கல்வி, சுற்றுச்சூழல் கல்வி, வருகைப் பதிவு. எல்லாவற்றுக்கும் கடைசியில், பந்தியில் மோர் ஊற்றுவதுபோலக் கொஞ்சம் பாட்டு.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர் கேட்டதை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினீர்கள்.

“இன்னா நைனா, பேரனை காலேஜ்ல வுட வந்துகினு கீறியா?”

“நான்தாம்பா படிக்கிறேன்.”

“பேஜாரு பண்ணாத நைனா! வூட்ல அம்மா தொரத்திட்டாங்களா?”

நீங்கள் சிரித்தீர்கள். பாடுவதை நிறுத்தாவிட்டால் அதுவும் நடக்கும் என்றேன்.

அணுமின் நிலையத்தில் உங்களுக்கு என்ன வேலை? கடல் தண்ணீரையும் மணலையும் மீனையும் எடுத்துச் சோதிப்பது. வாழ்நாள் முழுவதும் அதைச் செய்த மனிதர் சுற்றுச்சூழல் கல்வியில் தோற்றார். கையேட்டில் இருந்ததை எழுதாமல் தமக்குத் தெரிந்ததை எழுதினாராம். விடையைத் திருத்தியவருக்குக் கையேடு மட்டும்தான் தெரியும். மறுமுறை நீங்கள் அந்தக் கையேட்டை மனப்பாடம் செய்து, வரிக்கு வரி ஒப்பித்துத் தேறினீர்கள். அன்று எனக்கு உங்கள்மேல் வந்த எரிச்சல், அந்தக் கல்லூரிமேல் வந்ததைவிடப் பெரியது.

அப்புறம் கடற்கரையைச் சுத்தம் செய்யும் விரிவாக்கப் பணி. அதைச் செய்யாமல் பட்டம் கிடையாதாம். நான் ஃபிளாஸ்கில் காபியோடு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் குனிந்து பிளாஸ்டிக் பொறுக்கினீர்கள். படகின் பக்கத்தில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தோ பாரு, பெரியவரு பொறுக்கிக்கினு கீறாரு, பசங்க போட்டோ புடிச்சிக்கினு கீதுங்க. இன்னா சார், இது இன்னா படிப்பு?”

“பாட்டு படிக்கிறேம்மா.”

“பாட்டுக்கு இன்னாத்துக்குக் குப்பை?”

அந்தக் கல்லூரியைப் பற்றி என் காதில் விழுந்த ஒரே அறிவான கேள்வி அது.

உங்கள் செய்முறைத் தேர்வுகள் அதைவிடக் கேவலம். நீங்கள் ஒரு ராகத்தை வாரக்கணக்கில் சாதகம் செய்துகொண்டு போவீர்கள். பல்லவி இரண்டாம் முறை வருவதற்குள் தேர்வாளர், “போதும் சார், அடுத்தது” என்பார். மூன்று ஆண்டுகளில் ஒரு பாட்டையாவது கடைசிவரை பாட அவர்கள் உங்களை விடவில்லை. ஆனால் ராக லட்சணம் பற்றிய எழுத்துத் தேர்வில் உங்களுக்கு மதிப்பெண் கொட்டியது. கல்யாணி ராகத்துக்குப் பிரதி மத்திமம் என்று பிழையில்லாமல் எழுதினீர்கள். பாடும்போது?

பாடும்போது நடந்தது எனக்குத் தெரியும். என் பியானோவில் வைத்துப் பார்த்தால் உங்கள் சுருதிக்கு அந்த மத்திமம் ஒரு கறுப்புக் கட்டை. நீங்கள் மேலே ஏறும்போது ஒழுங்காகத் தொடுவீர்கள். இறங்கும்போது, மூச்சுத் தீர்ந்துபோய், பக்கத்திலிருக்கும் வெள்ளைக் கட்டையில் உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த ஒரு நொடி கல்யாணி செத்துச் சங்கராபரணம் ஆகிவிடும். நான் சமையலறையிலிருந்து “மா!” என்று கத்துவேன். நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். மறுபடியும் அதே இடத்தில் விழுவீர்கள். நூறு முறை சொல்லியும் திருந்தாத ஒரு ஸ்வரத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அந்தப் பட்டப்படிப்பில் நான் மதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கடைசிப் பருவத்தில் பக்கவாத்தியத்தோடு, சபைக்கு முன்னால், ஒரு மணி நேரக் கச்சேரி. அதில் யாரும் “போதும்” என்று சொல்ல முடியாது. கையேடு கிடையாது. விழுந்தால் எல்லாருக்கும் கேட்கும். நீங்களும் அதற்குத்தான் பயந்தீர்கள், அதற்குத்தான் காத்திருந்தீர்கள். நாள் குறித்தாயிற்று. முன்வரிசையில் ஓர நாற்காலி எனக்கு என்றீர்கள். “அங்கேர்ந்து மா–ன்னு கத்தினா, மேடையை விட்டு எறங்கி வந்துடுவேன்” என்றீர்கள்.

கச்சேரிக்கு முந்தைய வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

துக்கம் கேட்கும் நாட்கள் ஓய்ந்தபிறகு இசைத் துறைத் தலைவி வந்தார். பட்டுப் புடவை, ஒரு கூடைப் பழம். அவர் ஆப்பிளை நீட்டிய விதத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

“மேடம், சாருக்கு எல்லாப் பேப்பரும் கிளியர். கச்சேரி ஒண்ணுதான் பாக்கி. அதை நாங்க உள்ளுக்குள்ளயே பார்த்துக்கறோம். பட்டமளிப்பு அன்னைக்கு நீங்க மேடைக்கு வந்து வாங்கிக்கிட்டா, அது அவருக்கு ஒரு மரியாதை.”

“பாடாத கச்சேரிக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ் வர்ற மாதிரி போட்டுடலாம் மேடம்.”

“பாடியிருந்தா அவருக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்திருக்காது.”

அந்த அம்மாள் தம் வளையல்களைத் திருகிக்கொண்டார். நான் விடவில்லை. “கல்யாணியில அவர் எந்த இடத்துல விழுவார், சொல்லுங்க.”

“சார் ரொம்ப சின்சியர், மேடம். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.”

மூன்று ஆண்டுகள் உங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த துறையின் தலைவி. உங்கள் வருகைப் பதிவு அவருக்குத் தெரிந்திருந்தது, உங்கள் மத்திமம் தெரியவில்லை. ஒரு முறையாவது முழுதாகக் கேட்டிருந்தால்தானே?

என் கண் சுவருக்குப் போனது. அந்த ஆணி வெறுமனே இருந்தது. ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் பெயர் பொன்னெழுத்தில் அங்கே தொங்கும். நீங்கள் அதை எவ்வளவு விரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? வருகிறவர்கள் பார்ப்பார்கள். பிள்ளைகள் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆனால் தினமும் அதைக் கடந்து போகப்போகிறவள் நான். நீங்கள் விழ இருந்த இடத்தில் விழாமலே, எழக்கூடிய இடத்தில் எழாமலே, பழக்கூடையோடு வந்த ஒரு பட்டத்தால் என் வாயை மூட முடியுமா?

“அவர் அந்த ஒண்ணை முடிக்கலை. முடிக்காதவருக்குப் பட்டம் கிடையாது. நீங்க போகலாம்” என்றேன்.

“இப்படி யாருமே சொன்னதில்லை மேடம்” என்றார்.

“அதனாலதான் உங்க காலேஜ் இப்படி இருக்கு.”

பழத்தையும் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகள் இருவரும் தொலைபேசியில் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். “அப்பா ஆசைப்பட்டாரேம்மா” என்றாள் மகள். ஆசைப்பட்டார், அதனால்தான் வேண்டாம் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். கையேட்டை ஒப்பித்துத் தேறிய நாளில் நீங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை, நான் கவனித்தேன்.

ஆணியைப் பிடுங்கவும் இல்லை, அதில் எதையும் மாட்டவும் இல்லை.

இன்று சுருதிப் பெட்டியை உடனே அணைக்காமல் அரிசியை அடுப்பில் ஏற்றினேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, உங்கள் கல்யாணியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறினேன், சுத்தமாக இருந்தது. இறங்கும்போது, உங்களுக்கு மூச்சுத் தீரும் அதே இடத்தில், எனக்கு மூச்சு நன்றாகவே மிச்சமிருக்க, என் குரல் கறுப்புக் கட்டையைத் தாண்டிப் போய் வெள்ளைக் கட்டையில் உட்கார்ந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் அங்கேதான்.

பல் கூசியது. எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியும். சோறு வேகும்வரை பாடிக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.