எலும்புச் சாறும் பால்குடமும்

ஜனவரி 10, சனி
விடியலிலிருந்தே மழை. துணி காயவில்லை. குளிர்பெட்டியைத் துடைத்தேன். நடுத்தட்டில் ஒரு பெரிய போத்தல், மேலே கொழுப்பு உறைந்து. என்ன இது என்று மகள் சாந்தியைக் கேட்டேன்.

“கோழி எலும்புச் சாறு மா. ஜே.பி. டாக்டர் சொன்னாரு. குடல் ஆறினா தைராய்டும் ஆறுமாம். நாளையிலேர்ந்து தைப்பூச விரதம், அதுக்குள்ள குடிச்சு முடிச்சிடுறேன் லா.”

நாற்பத்தாறு வயது. தொழிற்சாலையில் கணக்குப் பிரிவுக்கு மேலாளர். புத்தி மட்டும் ஜே.பி. நகரத்து டாக்டரிடம் அடகு. ஃபங்ஷனல் மெடிசினாம், நோயின் வேரைத் தேடுமாம். அவள் உடம்பே அவள் தைராய்டைத் தாக்குகிறதாம். அதனால் கோதுமை கூடாது, சீனி கூடாது, பால் கூடாது. தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாயே என்று கேட்டேன்.

“குடிக்கத்தான் கூடாது, தூக்கலாம்.”

அவள் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 12, திங்கள்
மழை விட்டது. சாந்தி வேலைக்குப் போனதும் அவள் டப்பாக்களை வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடி பிடித்துப் படித்தேன். எதையும் கடைசி வரி வரை படி என்பது கான்வென்ட் பழக்கம். செலினியம். துத்தநாகம். குடலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. மீன் எண்ணெயை மட்டும் விரதத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி!

மற்ற எல்லா டப்பாவிலும் பொடி எழுத்தில்: கேப்சூல் கூடு, மாட்டு ஜெலட்டின்.

இரவுச் சாப்பாட்டில், வேண்டுமென்றே, அவள் முதல் கவளம் எடுக்கும்போது சொன்னேன்.

“ஹலால் சின்னம் பாத்துத்தானே மா வாங்கினேன்!”

“ஹலால்னா பன்றி இல்லைன்னு அர்த்தம். மாடு இல்லைன்னு யாருடி சொன்னா?”

“அலமாக், ஐயோ!” என்றாள். முகம் வெளுத்தது. எல்லா டப்பாவும் குப்பைக்கு. நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். அவளுக்காகத் தேங்காய்ப்பாலில். அடிப்பிடித்தது. சுமாரான ருசி. அவள் இரண்டு கரண்டியோடு நிறுத்திவிட்டாள்.
வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய், சூடம், பல்பு.

ஜனவரி 24, சனி
வெயில் கொளுத்துகிறது. சாந்தி குளிர்கிறதென்று காலுறை போட்டுக்கொண்டு, காற்றாடியை நிறுத்திவிட்டு, பகல் முழுக்கத் தூக்கம். முகம் ஊதியிருக்கிறது. குளியலறையில் கொத்தாக முடி. விரதக் களைப்பு என்றுதான் நினைத்தேன். தலைவலித் தைலம் தேடி அவள் அலமாரியைத் திறந்தால், தைராய்டு மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் போட்ட மாத்திரை. எழுப்பிக் கேட்டேன்.

“அதுலயும் என்ன கலந்திருக்கோ. விரதம் முடியட்டும். முருகன் பாத்துக்குவாரு.”

“அது கேப்சூல் இல்லடி, வெறும் மாத்திரை!”

“நீங்கதானே மா எல்லாத்துலயும் மாடுன்னு சொன்னீங்க? இப்ப மாத்திப் பேசுறீங்க.”

எல்லாவற்றிலும் என்று நான் சொல்லவில்லை. அப்படி அவள் காதில் விழும்படி சொன்னேன். அட்டையைப் படித்துக் காட்டினேன்; சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்த உடம்போடு பால்குடம் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பாளாம். விழுந்தால்?

தைலம் கிடைக்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்
யார் பேச்சைக் கேட்பாள்? அந்த ஆள் பேச்சை. ஒன்பது மணிக்கு ஜே.பி.க்கு ஃபோன். நம் ஆள்தான், சின்ன வயசுக் குரல்.

“ஆன்ட்டி, மாத்திரைய நிறுத்தச் சொல்லவே இல்லையே! அது கட்டாயம். நான் கொடுத்ததெல்லாம் அதுக்கு மேலதான்.”

“மாடு சாப்பிடுவாங்களான்னு கேக்காம கேப்சூல் கொடுப்பீங்களா?”

“கேட்டிருக்கணும் ஆன்ட்டி.”

சாந்தியிடம் இன்றே பேசுவதாகவும், ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதாகவும் சொன்னான். பிறகு என் தூக்கம் எப்படி, முழங்கால் எப்படி என்று கேட்டான். நானும் முட்டாள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம். ஃபோனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. இந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை.

ஜனவரி 27, செவ்வாய்
தூறல். விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தேன். சாந்தி எனக்கு முன்னாலேயே அங்கே, கையில் மாத்திரை.

“டாக்டர் சொன்னாரு, அதான் போடுறேன். நீங்க சொன்னதால இல்ல.”

பதில் நாக்கு நுனி வரை வந்தது. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

விழுங்கினாள். காலுறையை இன்னும் கழற்றவில்லை.

“ராத்திரி தூங்கினியா?” என்று கேட்டேன்.