கடற்கரையில் ஏது மேடு?

உங்களுக்கு,

அக்காவோடு காலை ரயிலில் திருச்செந்தூருக்குக் கிளம்பிவிட்டேன். போடி ஸ்டேஷனுக்கு ஓடி வர வேண்டாம். வந்தாலும் இறங்க மாட்டேன். சோறு பானையில் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சாயங்காலம் ஒரு தடவை சுடவையுங்கள். அலமாரிச் சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால்.

“பொம்பளை சைக்கிள் விட்டா போடி பஜாரே சிரிக்கும்” என்று நேற்றுக் கத்தினீர்கள். சிரிக்கட்டும். திருச்செந்தூரில் வாடகை சைக்கிள் எடுத்து, நான் போட்ட திட்டப்படியே விடப்போகிறேன். முதல் நாள் வீரபாண்டியன்பட்டினம், இரண்டே மைல். மறுநாள் காயல்பட்டினம். மூன்றாம் நாள் எங்கேயும் இல்லை. சைக்கிளைச் சாய்த்துவைத்து அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த வழிகளை நான் எழுதிவைத்த தாளைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். துவைக்கப் போட்ட உங்கள் சட்டைப் பையில் மடித்து இருந்தது. ஓரமெல்லாம் நம் கடையின் நீலப் பென்சிலில் உங்கள் எழுத்து: “மேடு வந்தால் இறங்கித் தள்ளு.” “இறக்கத்தில் பிரேக்கை விடாதே.”

மலைப்பாதையைத் தவிர வேறு ரோடே பார்க்காத மனுஷரே, கடற்கரையில் ஏது மேடு? அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “ஆத்தாடி, கடலுக்கும் மலை மெட்டு ஏறித்தான் போகணும்னு நெனச்சுட்டாக!”

நான் எங்கேயும் இறங்கித் தள்ள மாட்டேன்.

சொர்ணலதா

பால்காரரிடம் கால் படி போதும் என்று சொல்லுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: தாளை எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு சைக்கிள் சொல்லிவைப்பேன். வந்தால் பின்னாலேயே வாருங்கள். முன்னால் நான்தான் போவேன்.